செவ்வாக்கெழம சுகர்

என் பலகார ஆர்டர் நோட்டுல முன்பக்கம் மனகோலம் 5 கிலோ, தேன்குழல் 8 கிலோ, சீப்புச் சீடை 3 கிலோன்னு யாருக்கு எப்ப வேணுங்கிறது எழுதிருக்கும். பின்பக்கத்துலேருந்து ரெண்டு கணக்கு ஓடும். ஒண்ணு குழு லோனுக்குக் கட்டுன தவணை, இன்னொண்ணு காலையில வெறும் வயித்துல பாத்த சுகர். ரெண்டும் ஒரே பக்கத்துல வரணும்னு திட்டம் போட்டெல்லாம் எழுதல, தாள் மிச்சம் பிடிக்கத்தான். 2025 தை மாசம் எம் பொண்ணு, அவ லேப் டெக்னீசியன் படிக்கிறா, பாக்கெட் போட்டுக்கிட்டு இருந்தவ சும்மா அந்த நோட்டப் பொரட்டிட்டு, "யம்மா, ஒனக்கு செவ்வாக்கெழமையானா சுகர் ஏறுது, பாத்தியா"ன்னா.

போடி வேல இல்லாதவளேன்னுட்டு மாவப் பிசையப் போயிட்டேன். அப்புறம் ராத்திரி கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தா அவ சொன்னது சரியாத்தான் இருக்கு. செவ்வா 168, செவ்வா 174, செவ்வா 163, செவ்வா 171. மத்த நாள்ல 135, 142, 138, அந்த வாக்குல. நடுவுல ஒரே ஒரு செவ்வாக்கெழம மட்டும் 139. தேதியப் பாத்தேன், ஜனவரி 14, பொங்கல். அன்னைக்கு கலெக்‌ஷனுக்கு ஆள் வரல.

செவ்வாக்கெழமதான் எங்க சென்டர் நாள், குழு லோன் தவணை கட்ட எல்லாரும் கூடுற நாள்.

ஒரு ஆளோட நோட்டு ஆராய்ச்சி ஆயிராது, அது எனக்கும் தெரியும். அந்தச் சின்ன மிஷினே 10, 15 கூடக்கொறையக் காட்டும், மொத நாள் ராத்திரி என்ன தின்னோம், எப்பப் படுத்தோம் எல்லாம் சேந்துதான் காலையில நம்பரா வருது. ஆனாலும் நான் பழைய பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, நம்பர் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்தா ஒதுக்கித் தள்ள மனசு வராது. அன்னையிலேருந்து இதப் பத்தித்தான் படிக்கிறது, பொண்ணு போன்ல எடுத்துக் குடுக்க நான் கண்ணாடியத் தூக்கித் தூக்கிப் படிக்கிறது. அதத்தான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும், அடுப்புல எதையாச்சும் வச்சிருந்தா எறக்கி வச்சிட்டு வாங்க.

நான் இருக்கிறது காரைக்குடிக்குப் பக்கத்துல ஒரு ஊரு. எங்க மாமியா செட்டியார் வீட்டுக் கல்யாணப் பலகாரத்துக்குப் போனவுக, அவுக கைப்பக்குவம் எனக்கு வந்துச்சு, பதினஞ்சு வருஷமா அதான் பொழப்பு. எனக்கு சுகர்னு சொன்னதும் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, "பலகாரம் சுடுறவளுக்கு சுகர் வராம வேற யாருக்கு வரும்"ங்கிறதுதான். கேக்குறவுகளுக்குத் தெரியாது, எண்ணெய்ச்சட்டி முன்னாடி ஆறு மணி நேரம் நின்னவளுக்கு இனிப்பப் பாத்தாலே கொமட்டிக்கிட்டு வரும். அதிரசப் பாகு பதம் வந்துச்சான்னு நாக்குல வச்சுப் பாக்க மாட்டோம், கிண்ணத்துத் தண்ணியில ஒரு சொட்டு விட்டு வெரலால உருட்டிப் பாப்போம், உருண்டா எறக்கிருவோம். பத்து கிலோ அதிரசம் சுட்ட அன்னைக்கு நான் தின்னது ரசஞ்சோறும் ஊறுகாயுமாத்தான் இருக்கும்.

2022ல காலு எரிச்சல்னு போயி மூணு மாச சுகர் எடுத்தப்ப 8.4. அந்த ஏ1சிங்கிறது 6.5க்கு மேல போனாலே சுகர்னு எழுதிருவாங்க, 5.7லேருந்து 6.4 வரைக்கும் வரப்போகுதுன்னு அர்த்தம். டாக்டர் நல்ல மனுசன்தான், வெளிய நாப்பது பேரு உக்காந்திருக்காங்க, அவரு என்ன செய்வாரு, மூணு நிமிஷத்துல இனிப்பு சாப்பிடுவீங்களா, நடக்குறீங்களா, அரிசியக் கொறைங்கன்னு சொல்லி மெட்ஃபார்மின் எழுதிக் குடுத்தாரு. எவ்வளவு கடன் இருக்குன்னு கேக்கல. கேட்டிருந்தா மட்டும் உண்மையச் சொல்லிருப்பனாங்கிறது வேற விஷயம். பக்கத்துல எங்க வீட்டுக்காரரு நின்னாக. அவுகளுக்கே மூணாவது கடன் தெரியாது.

கடன் எப்படி வந்துச்சுன்னு ரொம்ப இழுக்க வேணாம், எல்லா வீட்லயும் வர்ற மாதிரித்தான். 2020ல அவுக வெளிநாட்டுலேருந்து ஒரே பெட்டியோட திரும்பி வந்தாக, கல்யாணம் கார்த்திய எல்லாம் நின்னு போயி எனக்கும் ஆர்டர் இல்ல. அப்பத்தான் நாத்தனா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் கொறைச்சலா வச்சா காலத்துக்கும் பேச்சு நிக்கும்னு 50,000 குழு லோன், வாரம் 1,150. அடுத்தது பொண்ணு ஃபீஸுக்கு இன்னொரு கம்பெனியில 30,000, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா 1,400. இது ரெண்டையும் கட்டுறதுக்கு மூணாவதா தண்டல், 10,000னு பேரு, கையில வந்தது 8,500, நாளு தவறாம நூறு நூறா நூறு நாள். முடிஞ்சா மறுபடியும் ஒரு 10,000, அப்படியே சுத்திச் சுத்தி. ஆக மாசம் ஏறக்கொறைய 11,000 ரூபா. அவுக ஆட்டோ ஓட்டுறதும் என் பலகாரமும் சேந்தா சாதா மாசத்துல 17,000 வரும். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல்லேருந்து ஒரு வெதி வச்சிருக்கு, குழு லோன் குடுக்குறவுக குடும்ப வருமானத்துல பாதிக்கு மேல தவணை போகாமப் பாத்துக்கணும்னு. தாள்ல எங்க வீடு பாதிக்குள்ளதான் இருந்துச்சு. தண்டல் எந்தத் தாள்லயும் வராதுல்ல.

சரி, செவ்வாக்கெழமைக்கு வர்றேன். பத்து பேரு ஒரு குழு. ஒருத்தி வீட்டுத் திண்ணையில பத்து மணிக்குக் கூடணும். ஒருத்தி கட்டலேன்னா மத்த ஒம்பது பேரும் எந்திரிக்க முடியாது, பணம் பொரளுற வரைக்கும் ஒக்காந்திருக்கணும். அந்தப் பையன் கெட்டவன்னும் சொல்ல முடியாது, இருவத்தஞ்சு வயசு, "யக்கா எனக்கும் மேல கேப்பாங்க"ம்பான். காலையில 9க்கு முன்னாடி, சாயங்காலம் 6க்கு மேல வசூலுக்கு போன் போடக்கூடாதுன்னும் அந்த வெதியில இருக்கு, அவன் ஏழு மணிக்கே போட்டுருவான். ஆனா பேச்சு அவன்கிட்டேருந்து வராது, அதுதான் இதுல சூட்சுமமே. நம்ம கூட ஒக்காந்திருக்க பொம்பளைங்ககிட்டேருந்துதான் வரும். "எம் புள்ளைக்கு ஸ்கூல் வேன் வந்துரும், ஒன்னால நான் இங்க ஒக்காந்திருக்கேன்." ஒரு வாட்டி எனக்கு 300 ரூபா கொறஞ்சு போச்சு. முக்கா மணி நேரம். கடைசியில எவளோ ஒருத்தி முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தத அவுத்துக் குடுத்தா, வாங்குறப்ப என் கையி நடுங்குனது இன்னும் ஞாவகம் இருக்கு. சீடை உருட்டுற கையி அது, நடுங்காது.

அதுனால திங்கக்கெழம ராத்திரியானா தூக்கம் ரெண்டு மணிக்குக் கலைஞ்சு போகும். எந்திரிச்சுப் போயி டப்பாவுல பணம் எண்ணுவேன். எண்ணுனா கூடவா போகுது.

ஒடம்புக்குள்ள அந்த நேரத்துல என்ன நடக்குதுன்னு படிச்சப்பத்தான் எனக்கு ஆச்சரியம். கல்லீரல்ங்கிறது நம்ம பக்கத்து வீடுகள்ல நெல்லு கொட்டி வைக்கிற களஞ்சியம் மாதிரி, சக்கரையச் சேத்து வச்சிருக்கும். பயம் வந்தா அட்ரினலின் வந்து களஞ்சியத்தத் தொறந்து விடும். பயம் நாள்கணக்குல நிக்கிறப்போ கார்டிசால்னு இன்னொண்ணு, கிட்னி மேல தொப்பி மாதிரி ஒக்காந்திருக்க சுரப்பியிலேருந்து வர்றது, அது புதுசாவே சக்கரை தயார் பண்ணச் சொல்லும், சதையக் கரைச்சாவது பண்ணச் சொல்லும். அதோட இன்சுலின் சொல்றத ஒடம்பு கேக்காம ஆக்கிவிடும். எல்லாருக்குமே விடியக்காலையில இது கொஞ்சம் கூடத்தான் சுரக்குமாம், நாளத் தொடங்கணும்ல. வெசனத்தோட கெடந்து எந்திரிக்கிறவளுக்கு அதுக்கு மேல. இதுல வேடிக்கை என்னன்னா, இந்த ஏற்பாடு எல்லாம் ஓடித் தப்பிக்கிறதுக்காக வந்தது. கண்மாய்க்கரையில வெறிநாய் தொரத்துனா ஓடுவோம், வந்த சக்கரை கால்ல செலவாகிப் போகும். கலெக்‌ஷன்காரன் வந்தா ஓட முடியுமா, திண்ணையில சம்மணம் போட்டு ஒக்காந்து கையெழுத்துல்ல போடணும்.

கார்டிசால்னா நம்பாதவுக, வீசிங்குக்கோ மூட்டுக்கோ ஸ்டீராய்டு மாத்திரை போட்டவுகளக் கேட்டுப் பாருங்க, சுகரே இல்லாதவுகளுக்குக்கூட ஏறும். அந்த மாத்திரை கார்டிசாலோட அண்ணன் தம்பிதான். வெளியேருந்து போட்டா ஏறும்னா உள்ளேருந்து ஊறுனா மட்டும் ஏறாதா.

தூக்கத்துக்கும் தனியா ஒரு கணக்கு இருக்கு. 1999ல அமெரிக்காவுல நல்லா இருக்க எளவட்டப் பயலுக 11 பேர ஆறு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பாத்தாங்க. ஆறே நாள்ல சக்கரையக் கையாளுற தெறன் எறங்கிப் போச்சு. ஆறு ராத்திரி! தீவாளிக்கு முந்தி எனக்கு இருவது ராத்திரி அப்படித்தான் போகும், அதுலயும் தூங்குற நாலு மணி நேரத்துல கனவுல தண்டக்காரன் வருவான்.

இதுக்கெல்லாம் மேல சாப்பாடு. எல்லாரும் "சாப்பாட்டக் கட்டுப்படுத்து"ங்கிறாங்களே, கையில காசு இருக்கவுகளுக்குத்தான் அது கட்டுப்பாடு. நமக்கு ரேஷன் அரிசி காசில்லாம வருது, பருப்பும் முட்டையும் கீரையும் காசு குடுத்து வாங்கணும். தவணை வாரத்துல முட்டை நின்னுரும், சோறு மட்டும் கூடும், தொட்டுக்க வெஞ்சனம் கொறையக் கொறைய சோறு கூடத்தான் செய்யும். மத்தியானம் சாப்பிடாம மூணு டீ. சாயங்காலம் பசியில ஒடஞ்ச முறுக்கு. மாத்திரை அட்டை தீரப்போகுதுன்னா ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு இழுத்துருக்கேன், இத டாக்டர்கிட்டயும் சொல்லல. அவரு சுகர் கொறையலேன்னு டோஸக் கூட்டுனாரு, எனக்குச் செலவும் கூடுச்சு.

யூடியூப்ல ஒரு அம்மா சொல்லுது, சுகருக்கு கவுனி அரிசி நல்லதுன்னு. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. செட்டிநாட்டுல கவுனி அரிசியப் பத்தி எங்களுக்கே பாடமா. ஒரு படி கவுனிக்கு எவ்வளவு சீனி, எவ்வளவு தேங்காய்ப்பூ, எவ்வளவு நெய்யின்னு என்னயக் கேளுங்க சொல்றேன். அது மட்டுமில்லாம கிலோ என்ன வெலை விக்குதுன்னு அந்த அம்மாவுக்குத் தெரியுமா என்னன்னு தெரியல.

பணத்த விட ஆளுகள நெனச்சு வர்ற வெசனம் பெருசுன்னு எனக்கு ஒரு எண்ணம் உண்டு. எங்க அம்மா வீடு கீரமங்கலம் பக்கம், ஆடி மாசம் மொய் விருந்து நடக்குற சீமை அது. மொய் நோட்டுல பத்து வருஷத்துக்கு முன்னாடி யாரு எவ்வளவு செஞ்சாகன்னு எழுதிருக்கும், நாம திருப்பிச் செய்யிறப்ப அதோட கூடச் சேத்துச் செய்யணும். நல்ல ஏற்பாடுதான், பேங்கு இல்லாத காலத்துல எத்தனையோ குடும்பம் அதுல தலையெடுத்துருக்கு. ஆனா கையில இல்லாத வருஷத்துல பத்திரிக்கை வந்தா ஒடம்பு அத பத்திரிக்கையா எடுத்துக்காது, கடன் நோட்டீஸாத்தான் எடுத்துக்கும். போன ஆடியில ஒரே வாரத்துல ஏழு பத்திரிக்கை வந்துச்சு. ஏழையும் சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வச்சேன், கண்ணுல படாம இருந்தாப் போதும்னு.

இதுல இன்னொரு ஆளப் பத்திச் சொல்லணும். எங்க தெருவுல ஒரு ஆச்சி. பேரு, ஊரு, வீட்டு அடையாளம் எதுவும் சொல்ல மாட்டேன், கொஞ்சம் மாத்தித்தான் எழுதுறேன். வயசு எழுவத்தெட்டு. முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு ஒரு தெருவுலேருந்து அடுத்த தெரு வரைக்கும் போற வீடு, பர்மா தேக்குத் தூணு, ஆத்தங்குடிக் கல்லு. அதுல ஆச்சி இருக்கது பின்னால ஒரே ஒரு ரூமு. பதினாறு பங்காளிக்கு அந்த வீட்டுல பங்கு இருக்கு, ஓடு மாத்தணும்னா பதினாறு பேரும் சரின்னு சொல்லணும். மழை பேஞ்சா எங்க எங்க அண்டா வைக்கணும்னு ஆச்சிக்கு மனப்பாடம்.

பர்மாவுல செட்டியாருக 1930ல தெக்கத்தி பர்மா நெல் வயல்ல நூத்துக்கு 6 பங்கு வச்சிருந்தாக, வெலை விழுந்து கடன் திரும்பாம நெலமா வந்து சேந்து 1938ல அது 25 பங்கு ஆயிருச்சு. காயிதத்துல பணக்காரவுக, கையில காசில்ல. அப்புறம் 1942ல ஜப்பான்காரன் வந்ததும் நெறையப் பேரு எல்லாத்தையும் போட்டுட்டு மலையும் காடுமா நடந்தே வந்தாக. ஆச்சியோட ஐயாவும் அப்படி நடந்து வந்தவுகதான். "வந்து ரெண்டு வருஷம் முகப்புத் திண்ணையில சும்மாவே ஒக்காந்திருப்பாகளாம் ஆத்தா, அப்புறம் நீரழிவு கண்டுச்சு, காலு புண்ணாகிப் போயிட்டாக"ன்னு ஆச்சி சொல்லும். அந்த வெசனத்துலதான் வந்துச்சுன்னு இப்ப யாரு அறுதியிட்டுச் சொல்றது. ஆச்சி மட்டும் அப்படித்தான் சொல்லும்.

அந்த ஐயா வச்சுட்டுப் போன வீட்டுக்காகத்தான் ஆச்சி இன்னைக்கும் பாடுபடுது. "வீட்டப் பாத்துட்டு என்னயப் பாக்குறாக, வீட்டப் பாத்துத்தான் கோயில் வரிக்கும் வர்றாக, அன்னதானத்துக்கும் வர்றாக"ங்கும். இல்லேன்னு சொல்ல வாய் வராது. முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகள்ல விக்கிற மங்குத் தட்டு, மங்குக் கிண்ணம், போணி இதெல்லாம் எப்படி அங்க வந்துச்சுன்னு வெளியூர்லேருந்து வாங்க வர்றவுகளுக்குத் தெரியாது. ஆச்சி வீட்டுலேருந்து போனது எனக்குத் தெரியும், ராத்திரி எட்டரைக்கு மேல, எங்க வீட்டுக்காரரு ஆட்டோவுல, மேல பழைய போர்வையப் போட்டு மூடி. எனக்கு வாரத் தவணை, ஆச்சிக்கு பேரு. ரெண்டு பேருக்கும் சுகர், ரெண்டு பேருக்கும் அதே மெட்ஃபார்மின்.

இது நம்ம ஊருக் கதை மட்டும் இல்லங்கிறதுக்குத்தான் ஒரு லண்டன் ஆராய்ச்சியச் சொல்றேன். ஒயிட்ஹால்னு பேரு, அரசாங்க ஆபீஸ் ஆளுக 10,308 பேர 1985லேருந்து வருஷக்கணக்காப் பாத்துக்கிட்டே வந்தாங்க. அத்தன பேருக்கும் சம்பளம் இருக்கு, பட்டினி கெடையாது. 14 வருஷத்துல மூணு தடவையோ அதுக்கு மேலயோ வேலையில நெருக்கடின்னு சொன்னவுகளுக்கு, இடுப்புச் சதை, பிரஷர், சுகர், கொழுப்பு எல்லாம் கூட்டாச் சேந்து கெடுறது இருக்கே, அது மத்தவுகள விட ரெண்டு மடங்குக்கு மேல வந்துச்சு. 2006ல வெளியிட்டாங்க. அதுலயும் கீழ்ப்படியில இருக்கவுகளுக்குத்தான் கூட. நம்ம கையில எதுவும் இல்ல, எவனோ சொல்றதுக்கு நாம ஆடணும்ங்கிற நெலமைதான் ஆளத் தின்னுது.

நம்ம தமிழ்நாட்டுலயே ஒண்ணு நடந்துருக்கு. கரும்பு விவசாயிங்க 464 பேர அறுவடைக்கு முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ பாத்து சின்னச் சின்ன மூளைச் சோதனை வச்சாங்க, 2013ல வந்துச்சு. அதே ஆளு, கையில காசில்லாதப்ப, நகையெல்லாம் அடகுல இருக்கப்ப கொறைவாப் பண்ணுறாரு, அறுத்துப் பணம் வந்ததும் நல்லாப் பண்ணுறாரு. காசில்லாத நேரத்துல பிரஷரும் கொஞ்சம் கூடவே இருந்துருக்கு. அறிவு எங்கயும் போகல, கடன் அந்த எடத்தப் பிடிச்சுக்குது. ஏன் மாத்திரையப் போட மறந்தன்னு எம் மேல கோவப்படுறவுகளுக்கு இத அனுப்பலாம்னு இருக்கேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொண்ணு. அமெரிக்காவுல 1994லேருந்து 98 வரைக்கும் அஞ்சு நகரத்துல ஏழைக் குடும்பங்களுக்கு குலுக்கல் போட்டு, விழுந்தவுகளுக்கு கொஞ்சம் வசதியான பகுதிக்குக் குடி போறதுக்கு வாடகை உதவி குடுத்தாங்க. டயட் சார்ட்டு கெடையாது, ஜிம்மு கெடையாது, வீடு மட்டும்தான். பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சுப் பாத்தா அந்தப் பொம்பளைங்கள்ல ரொம்பக் குண்டானவுகளும் கொறைவு, ஏ1சி 6.5க்கு மேல போனவுகளும் கொறைவு. அத்தனையும் சீட்டுக் குலுக்கல்ல விழுந்த வித்தியாசம். இந்தியாவுல 10 கோடிக்கு மேல சுகர்க்காரவுக, இன்னும் 13 கோடிக்கு மேல வரப்போற நெலமையில இருக்காங்கன்னு 2023ல ஐ.சி.எம்.ஆர் ஆராய்ச்சி சொல்லுச்சு. அத்தன பேரும் லட்டு தின்னுதான் வாங்கிக்கிட்டாகளா?

பழனிக் கதையச் சொல்லாம விட்டா இது முழுசாகாது. தைப்பூசத்துக்கு நாங்க குன்றக்குடியிலேருந்து கௌம்புற கூட்டத்துக்குப் பின்னாடியே நடந்து போவோம், நகரத்தார் காவடி முன்னால போகும். 2025ல நோட்டுக் கதை தெரிஞ்ச கையோட போனதால மிஷினையும் எடுத்துக்கிட்டேன், பொண்ணு அம்புட்டு வற்புறுத்துனா. கௌம்புறதுக்கு முன்னாடி ரெண்டு வாரத் தவணைய சென்டர் லீடர் கையில குடுத்தாச்சு, தண்டலுக்கும் பத்து நாளுக்கு ஆயிரமாக் கட்டியாச்சு, அதுக்காக ஒரு தோடு போயிருச்சு, அது தனி. சார்ஜ் போயிரும்னு போன அணைச்சு வச்சிட்டேன். வழியெல்லாம் அன்னதானம், சோறு சோறா, சுண்டல், பானகம், எதையும் வேணாம்னு சொல்லல. நத்தம் தாண்டி காலையில குத்திப் பாத்தா 121. திண்டுக்கல் பக்கம் 117. பிப்ரவரி 11 தைப்பூசம், அன்னைக்குச் செவ்வாக்கெழம. பழனியில விடியக்காலையில 114.

நடந்ததாலதான்னு நீங்க சொல்வீங்க. ஆமா, நடையாலதான், சதைக்கு வேலை குடுத்தா இன்சுலின் இல்லாமலே சக்கரைய இழுத்துக்கும், அதையும் படிச்சேன். ஆனா எட்டு ராத்திரி நடு ராத்திரியில முழிக்காமத் தூங்குனேன், தரையில, ரோட்டோரத்துல, லாரி போற சத்தத்துல. அத எதுல சேக்குறது?

திரும்பி வந்து மூணாவது நாள் அவுகட்ட தண்டலப் பத்திச் சொன்னேன். சோறு தின்னுக்கிட்டு இருந்தாக. தட்டுல தண்ணிய ஊத்திட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டாக. ரெண்டு நாள் பேச்சில்ல. மூணாம் நாள் காலையில, "செயினக் கழட்டு, பேங்குல வச்சுத் தண்டலயும் அந்த ரெண்டாவதையும் அடைச்சிருவோம், வட்டியாச்சும் ஒழுங்கா இருக்கும்"னாக. அப்படித்தான் செஞ்சோம். மிஞ்சி இருக்கது செவ்வாக்கெழம லோன் ஒண்ணுதான். மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை வீட்டுக்கே வருது, 2021லேருந்து நடக்குது, நான்தான் தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சிரும்னு பேரு குடுக்காம இருந்தேன், மடத்தனம். உரிமைத்தொகை ஆயிரத்த இப்ப முட்டைக்கும் பருப்புக்கும்னே ஒதுக்கிட்டேன். ஆடியில எடுத்த ஏ1சி 7.2. மாத்திரை தவறாமப் போட்டதுக்கு எவ்வளவு, முட்டைக்கு எவ்வளவு, அவுககிட்ட சொல்லி எறக்கி வச்சதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல எந்த லேப்லயும் ஆகாது. வெசனம் கொறைஞ்சாப் போதும்னு யாரும் மாத்திரைய நிப்பாட்டிராதீங்க, அதுக்காக இத எழுதல. செவ்வாக்கெழம இன்னும் கொஞ்சம் ஏறத்தான் செய்யுது, 148, 151.

தீவாளி ஆர்டர் முடிஞ்சு போன வாரம் ஆச்சி கூப்பிட்டு விட்டுச்சு. பேரனுக்குத் தையில கல்யாணம், பலகாரம் நான்தான் செய்யணுமாம். ஆச்சி சொல்லச் சொல்ல எழுதுறேன், மனகோலம், மாவுருண்டை, கந்தரப்பம், அதிரசம், சீப்புச் சீடை, தேன்குழல், பதினேழு வகை தாண்டிப் போகுது. நடுவுல தலை சுத்துதுன்னு தூணப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்துருச்சு. மிஷின் என் பையிலதான் கெடந்துச்சு, வெரலத் தொடச்சுக் குத்துனேன். 286. "காலையில என்ன சாப்பிட்டீக"ன்னு கேட்டேன். "ரெண்டு இட்டிலி ஆத்தா, சத்தியமா."

அடுத்துக் கேக்கலாமா வேணாமான்னு இருந்துச்சு. பதினஞ்சு வருஷப் பழக்கம், ஆனாலும் ஆச்சிகிட்ட அப்படிக் கேக்குற கேள்வி இல்ல அது. நோட்ட மூடி மடியில வச்சிட்டுக் கேட்டேன், "ஆச்சி, கல்யாணத்துக்குக் கையில பணம் இருக்கா?"

ஆச்சி என்னயப் பாக்கல, முகப்புப் பக்கம் பாத்துச்சு. வாசக்கதவு தெறந்து கெடந்துச்சு, தெருவுல யாரோ பேசிக்கிட்டுப் போனாக.

"கதவச் சாத்திட்டு வா ஆத்தா"ன்னுச்சு.